குசினிக் கேள்விகள்: ஓரத்து முட்டை வெடித்தது, நடு முட்டை குளிர்ந்தது

கேள்வி: அன்ரி, அந்தோனியார் திருநாளுக்கு வீட்டில் பதினைந்து பேருக்குச் சாப்பாடு. ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சியைக் கீறி விரித்து, கிழங்குப் பிரட்டலும் அவித்த முட்டை மூன்றும் வைத்துச் சுருட்டி, கனடாவிலிருந்து அண்ணா கொண்டுவந்த மைக்ரோவேவில் முழுச் சூட்டில் வைத்தேன். பத்தாவது நிமிடம் ஓரத்தில் இருந்த முட்டை வெடித்துவிட்டது. வெட்டிப் பார்த்தால் வெளிப்பக்கம் தோல் மாதிரி, நடுவில் இறைச்சி சிவப்பு, நடு முட்டை குளிர்ந்தபடி. பெட்டி பழுதா?
- வாசகி, பாஷையூர்

பதில்: பெட்டியில் பழுது இல்லை, பிள்ளை. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஓரத்து முட்டை வெடித்தது, நடு முட்டை குளிர்ந்தது. மைக்ரோவேவ் அலை இறைச்சிக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் பலமாக இறங்கும். அதற்கு அப்பால் வெளிச்சூடு மெல்ல மெல்ல உள்ளே நகர வேண்டும். உங்கள் சுருளின் நடு அதைவிட ஆழம். அது வேகும் வரை விட்டால் வெளிப்பக்கம் காய்ந்து இறுகிவிடும்.

இதே பிழையை நானும் செய்தேன். கறண்ட் இல்லாத தொண்ணூறுகளில் பனைமட்டை எரித்துச் சமைத்துப் பழகிய கை என்னுடையது. மகள் வீட்டில் முதன்முதலாக மைக்ரோவேவைத் தொட்டபோது, பெரிய துண்டுக்கு நேரத்தைக் கூட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். கடைசியில் அந்தச் சுருளை வட்டம் வட்டமாக வெட்டி, தேங்காய்ப்பால் குழம்பில் போட்டு அடுப்பில் கொதிக்கவைத்துத்தான் பந்திக்குக் கொடுத்தேன். வந்தவர்கள் விரும்பிச் சாப்பிட்டார்கள், ஆனால் அன்று நான் பட்ட பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

அவித்த முழு முட்டையை இனி மைக்ரோவேவுக்குள் வைக்காதீர்கள். உள்ளே உருவாகும் நீராவிக்கு வழி இருக்காது. வெளியே எடுத்த பிறகுகூட, கத்தி பட்டவுடன் முகத்தில் தெறிக்கலாம். முட்டை வேண்டுமென்றால் உதிர்த்துக் கிழங்கோடு பிசைந்துவிடுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? ஒரு பெரிய சுருளை விட்டுச் சின்னச் சுருள்களாகச் செய்யுங்கள். இறைச்சிக் கடையில் அண்டர்கட் (முதுகெலும்புக்கு உட்பக்கமாக இருக்கும் மிருதுவான இறைச்சி) கேட்டு வாங்குங்கள். மாட்டின் கால் இறைச்சி இதற்குச் சரிவராது. அதன் நரம்பு இளகச் சின்ன நெருப்பில் மணிக்கணக்காக வேண்டும், அதை மண்சட்டிக்கு விட்டுவிடுங்கள். அரைக் கிலோவை ஆறு துண்டாக வெட்டி, உலக்கையின் அடியால் தட்டி அரைச் சென்ரிமீற்றர் தடிப்புக்குக் கொண்டுவாருங்கள். உப்பு, மிளகு, ஒரு தேக்கரண்டி அரைத்த பப்பாசிக்காய் பூசி அரை மணித்தியாலம் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் இறைச்சி மாவாகிவிடும்.

உள்ளே வைப்பதை முதலே முழுதாகச் சமைத்துவிட வேண்டும். சின்ன வெங்காயமும் உள்ளியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் எண்ணெயில் வதங்கி, பெருஞ்சீரகம் வாசம் வந்ததும் எங்கள் யாழ்ப்பாணக் கறித்தூள் ஒரு கரண்டி போட்டு, அவித்த கிழங்கைப் பிசைந்து, இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். சூடு ஆற விடாமல் வைத்துச் சுருட்டி, பருத்தி நூலால் கட்டுங்கள். கம்பி வேண்டாம், பொறி பறக்கும்.

சுருட்டியவுடன் தாச்சியில் பெரிய நெருப்பில் பிரட்டி நிறம் எடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். இறைச்சியின் மேல் ஈரம் இருக்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் போகாது. பொன்னிறம் வர அதைவிட நல்ல சூடு வேண்டும். அந்த மணமும் அங்கேதான் பிறக்கிறது.

பிறகு கண்ணாடித் தட்டில் சுருள்களை வட்டமாக அடுக்கி, நடுவை வெறுமையாக விடுங்கள். ரம்பைத் துண்டு போட்ட தேங்காய்ப்பால் குழம்பு அரைக் கோப்பை ஊற்றி மூடுங்கள். 800 வாற் பெட்டியில் முழுச் சூட்டில் நான்கு நிமிடம், குழம்பு கொதித்ததும் பாதிச் சூட்டில் எட்டு முதல் பத்து நிமிடம். இடையில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். நின்ற பிறகும் ஐந்து நிமிடம் மூடி திறக்க வேண்டாம். சூடு உள்ளே போவது அப்போதுதான். வெப்பமானி இருந்தால் தடித்த சுருளின் நடுவில் குத்திப் பாருங்கள், 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுருளை வெட்டிப் பாருங்கள். நடு ஆவி பறக்கக் கொதிக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள்.

பதினைந்து பேருக்கு மூன்று தரம் வைக்க வேண்டும். ஒரே தட்டில் எல்லாவற்றையும் அடுக்கினால் திரும்பவும் பழைய கதைதான்.

கேள்வி: பாதி வெந்திருக்கும்போது கறண்ட் போய்விட்டால், வரும்வரை அப்படியே வைக்கலாமா?
- வாசகர், குருநகர்

பதில்: வைக்க வேண்டாம், தம்பி. இளஞ்சூட்டில் கிடக்கும் அரைவேக்காட்டு இறைச்சியில் கிருமி வேகமாகப் பெருகும். உடனே சட்டிக்கு மாற்றி, குழம்போடு காஸ் அடுப்பிலோ விறகிலோ முழுதாக வேகவையுங்கள். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கறண்ட் போனதை எல்லாரும் பார்த்தோம். மைக்ரோவேவில் இறைச்சி வைக்கும் நாளில் அடுப்பும் ஆயத்தமாக இருக்கட்டும்.