கென்ட்லண்ட்ஸை வீட்டின் பின்புறத்திலிருந்து பாருங்கள்

கேள்வி: நான் வீட்டுமனை லேஅவுட் போடும் சிவில் இன்ஜினீயர். மகன் வாஷிங்டன் அருகே ராக்வில்லில் இருக்கிறான். அங்கே போகும்போது, பழைய ஊர்களின் அமைப்பில் திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு ஒன்றைப் பார்க்க ஆசை. அரை நாள்தான் கிடைக்கும். எங்கே போவது, எதைக் கவனிப்பது?

பதில்: உங்கள் மகன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்க் நகரில் உள்ள கென்ட்லண்ட்ஸுக்குப் போங்கள். இந்த வகையில் எல்லோரும் சொல்லும் பெயர் புளோரிடாவின் சீசைடு. அழகான ஊர்தான், ஆனால் அங்கே பெரும்பாலான வீடுகள் விடுமுறைக்கு வருபவர்களுக்கானவை. கென்ட்லண்ட்ஸில் குடும்பங்கள் வருடம் முழுவதும் வாழ்கின்றன. உங்கள் தொழிலுக்கு அதுதான் உதவும்.

கென்ட்லண்ட்ஸ் முன்பு 352 ஏக்கர் பண்ணை நிலமாக இருந்தது. சீசைடை வடிவமைத்த ஆந்த்ரேஸ் டுவானியும் எலிசபெத் பிளேட்டர்-சைபர்க்கும் 1988-ல் அந்த இடத்திலேயே முகாமிட்டு, அதிகாரிகளையும் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் திட்டத்தை வரைந்தார்கள். பழைய பண்ணை மாளிகையையும் களஞ்சியத்தையும் இடிக்கவில்லை. களஞ்சியம் இன்று கலை அரங்கம். உங்கள் நடையை அங்கிருந்தே தொடங்கலாம்.

போகிறவர்கள் எல்லோரும் வீட்டு முகப்பைத்தான் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் முதலில் பின்சந்துக்குள் நுழையுங்கள். கார் ஷெட், குப்பைத் தொட்டி எல்லாம் அங்கேதான். அவை பின்னால் போனதால்தான் முன்பக்கத்தில் வீடு தெருவை ஒட்டி வர முடிந்தது, நடைபாதையில் போகிறவரோடு வாசல் திண்ணையில் இருந்தபடியே பேச முடிகிறது. பல கார் ஷெட்களின் மேல் சின்ன மாடி போர்ஷன் இருக்கும். பெரிய தனி வீடு, வரிசை வீடு, அபார்ட்மென்ட், இந்த மாடி போர்ஷன் எல்லாம் ஒரே பேட்டைக்குள் கலந்து இருப்பதை நிதானமாகப் பாருங்கள். என் கணிப்பில் கென்ட்லண்ட்ஸின் பெரிய சாதனை இதுதான், கூரையோ தூணோ அல்ல. வருமானம் வேறு வேறாக உள்ளவர்களுக்கு ஒரே இடத்தில் வீடு வேண்டுமென்றால், அதை மனைப்பிரிவு வரைபடத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

கையில் அளவு நாடா இருக்கட்டும். தெருவின் அகலம், நடைபாதை, வீட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவே விட்ட இடம், சந்தின் அகலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள், அன்றாடத் தேவைகள் கிடைக்க வேண்டும் என்பது இந்த வடிவமைப்பின் அடிப்படைக் கணக்கு. ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று, அங்கிருந்து பள்ளிக்கும் கடைக்கும் நீங்களே நடந்து நேரம் பாருங்கள்.

பிறகு மெயின் ஸ்ட்ரீட். கீழே கடை அல்லது அலுவலகம், மேலே வீடு. அதை ஒட்டி மார்க்கெட் ஸ்கொயர். சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக கென்ட்லண்ட்ஸ் ஸ்கொயருக்குக் கட்டாயம் போங்கள். முதலில் யோசித்த பெரிய வணிக வளாகம் 1990-களின் தொடக்கத்தில் வந்த பொருளாதார மந்தத்தில் நின்றுபோனது. அந்த இடத்தில் பிரம்மாண்டக் கடைகளும் அவற்றுக்கு முன்னால் கார் நிறுத்தும் பெரிய திடலும் வந்தன. அந்தத் திடலை நடந்தே கடந்து பாருங்கள். சற்று முன் நடந்த தெருக்களில் என்ன கிடைத்தது என்பது அப்போது உடம்புக்கே தெரியும். முதலீடு தடுமாறினால் திட்டத்தில் முதலில் அடிபடுவது கடைத்தெருதான் என்பதையும் அங்கே காணலாம்.

இன்னொரு குறையும் உண்டு. ஊருக்குள் நடக்கலாம், ஊருக்கு ரயில் இல்லை. மெட்ரோவில் வந்தால் ரெட் லைனில் ஷேடி குரோவ் நிலையத்தில் இறங்கி ரைடு ஆன் (Ride On) என்ற உள்ளூர் பஸ் பிடிக்க வேண்டும். மகன் காரில் கொண்டுவந்து விட்டால் சுலபம்.

கேட் கிடையாது, நுழைவுச் சீட்டும் கிடையாது. நீச்சல் குளமும் கிளப்ஹவுஸும் மட்டும் குடியிருப்போருக்கானவை. சந்துகளில் படம் எடுக்கும்போது ஆட்களையும் ஜன்னல்களையும் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை போனால் மக்கள் வெளியே நடமாடுவதையும் சேர்த்துப் பார்க்கலாம்.