நவி பிள்ளை பத்திப் பேசணுமா? டர்பன்ல இல்ல, அருஷாவுல ஆரம்பிங்க

லா காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. கிளாஸ்ல தென்னாப்பிரிக்கத் தமிழ் நீதிபதி நவி பிள்ளை பத்தி பத்து நிமிஷம் பேசணுமாம், தேடினா "முதல் பெண், முதல் பெண்"னு பட்டியல்தான் வருதாம், அவங்க பெஞ்ச்ல இருந்த ருவாண்டா இனப்படுகொலை வழக்கோட தீர்ப்பைத் திறந்தா மலை மாதிரி இருக்காம். எங்க ஆரம்பிக்கிறது, தீர்ப்புல எதைப் படிக்கிறது, தென்னாப்பிரிக்காவோட முதல் பெண் நீதிபதின்னு சொல்லலாமான்னு கேக்குறாங்க.

கடைசி கேள்விய முதல்ல முடிச்சிடுறேன். அப்படி சொல்லாதீங்கமா. லியோனோரா வான் டென் ஹீவர்னு ஒரு வெள்ளைக்காரம்மா 1969லயே அங்க நீதிபதி ஆயிட்டாங்க. நவி பிள்ளை 1995ல உயர் நீதிமன்றத்துக்கு வந்த வெள்ளையர் அல்லாத முதல் பெண், அதுவே எவ்ளோ பெரிய விஷயம்னா, 28 வருஷம் வக்கீலா இருந்தும் நிறவெறி சட்டத்தால ஒரு நீதிபதியோட சேம்பருக்குள்ள அவங்க கால் வெச்சதே இல்ல, முதல் தடவை நுழைஞ்சது தன்னோட சொந்த சேம்பருக்குத்தான்.

பேச்சை அருஷாவுல ஆரம்பிங்க. தான்சானியாவுல இருக்கு அந்த ஊர், 1994 ருவாண்டா இனப்படுகொலைய விசாரிச்ச ஐநா தீர்ப்பாயம் அங்கதான் நடந்துச்சு. தாபாங்கிற இடத்தோட மேயர் ழான் பால் அக்கயேசு மேல 1997 ஜனவரியில விசாரணை தொடங்குது. குற்றப்பத்திரிகையில பாலியல் வன்முறைன்னு ஒரு குற்றச்சாட்டு கூட கிடையாது, யாரும் சேக்கவே இல்ல. அப்போ வேற எதையோ பத்தி சாட்சி சொல்ல வந்த ஒரு அம்மா, தன்னோட ஆறு வயசு பொண்ணை மூணு பேர் நாசம் பண்ணினதை சொல்றாங்க, பெஞ்ச்ல இருந்தவங்க அதை அப்படியே தாண்டிப் போகாம மேல மேல கேக்குறாங்க, அந்த நேரத்துல முழு தீர்ப்பாயத்துலயும் நவி பிள்ளை ஒருத்தர்தான் பெண் நீதிபதி. அப்புறம் இன்னொரு பெண் தனக்கு நடந்ததையே சொல்றாங்க, வெளியில பெண்கள் அமைப்புகளும் மனு போடுறாங்க, ஜூன் மாசம் குற்றப்பத்திரிகைய திருத்துறாங்க. 1998 செப்டம்பர் 2 தீர்ப்பு. ஒரு இனத்தை அழிக்கிற நோக்கத்தோட பண்ற பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைதான்னு ஒரு சர்வதேச நீதிமன்றம் முதல் தடவையா சொல்லுது. இதை படிக்கிறப்பல்லாம் எனக்கு தோணும், அன்னைக்கு அந்த அம்மாவ "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க"ன்னு உக்கார வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

ஆனா "நவி பிள்ளை கொடுத்த தீர்ப்பு"ன்னு எழுதாதீங்க, தலைமை நீதிபதி செனகல் நாட்டு லைட்டி காமா, கூட ஸ்வீடன் ஆஸ்பெக்ரென், மூணு பேர் பெஞ்ச் அது.

தீர்ப்பு முழுசும் இப்போதைக்கு வேண்டாம். பாரா 598, 688, 731ல இருந்து 734, இது போதும்.

அப்புறமா அவங்க பொறந்த தென்னாப்பிரிக்க ஊரான டர்பனுக்கு வாங்க. அங்க கிளேர்வுட்ங்கிற பகுதியில தமிழ்க் குடும்பம், அப்பா பஸ் டிரைவர். ஆறு வயசுல அவங்க கையில இருந்த அஞ்சு பவுண்டை ஒருத்தன் பறிச்சிட்டான், கோர்ட்ல ஏறி சாட்சி சொன்னாங்க, திருடனுக்கு தண்டனை கிடைச்சது, காசு திரும்பி வரல. அக்கம்பக்கத்து இந்தியர்கள் பணம் சேத்து படிக்க வெச்சாங்க. வெள்ளைக்காரங்க கம்பெனி எதுவும் வேலை தரலைன்னு 1967ல சொந்தமா ஆபீஸ் போட்டாங்க, வக்கீலான புருஷனையே போலீஸ் பிடிச்சு வெச்சப்போ விசாரணைங்கிற பேர்ல சித்திரவதை பண்ணக்கூடாதுன்னு வழக்கு போட்டாங்க, 1973ல ராபன் தீவு அரசியல் கைதிகளுக்கு வக்கீலைப் பாக்குற உரிமைய வாங்கிக் கொடுத்தாங்க, மண்டேலாவும் அப்போ அங்கதான் இருந்தாரு.

2008 முதல் 2014 வரைக்கும் ஐநா மனித உரிமை ஆணையரா இருந்ததை ரெண்டு வரியில சொன்னா போதும். 2013 ஆகஸ்ட்ல இலங்கை போனப்போ தமிழச்சிங்கிறதால பாரபட்சம்னு அங்க குற்றம் சொன்னாங்க, நான் தென்னாப்பிரிக்கப் பெண்னு இவங்க நேரா பதில் சொன்னாங்க. அதனால நம்மாளுன்னு கொண்டாடுறதோட பேச்சை நிறுத்திடாதீங்க.

ஒரு கேள்வி கண்டிப்பா வரும், ரெடியா இருங்க. பாலியல் வன்கொடுமைக்கு பாரா 598 கொடுக்கிற வரையறையில சம்மதம்ங்கிற வார்த்தையே இல்ல, வற்புறுத்தல் இருக்கிற சூழ்நிலைதான் அளவுகோல். 2001ல யூகோஸ்லாவியா போர்க்குற்றங்களை விசாரிச்ச ஐநா தீர்ப்பாயம் குனராச் வழக்குல சம்மதத்தை திரும்ப உள்ள கொண்டு வந்துச்சு. ஆயுதம் வெச்சிருக்கவன் சுத்தி நிக்கிறப்போ சம்மதம்னு கேக்குறதே தப்புன்னு நான் நினைக்கிறேன், நீங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு படிச்சிட்டு உங்க பக்கத்தை எடுங்க.