மஞ்சள் பூ, ஒட்டும் தண்டு: இது கடுகா?

கடுகு விதை தூவிய இடத்தில் மஞ்சள் பூவும் ஒட்டும் தண்டுமாக ஒரு செடி வளர்ந்திருக்கிறது, அது கடுகுதானா என்று கேட்டிருந்தீர்கள். கடுகு இல்லை. நீங்கள் சொல்லும் ஒட்டும் தண்டும், ஒரு காம்பில் மூன்று முதல் ஐந்து சிற்றிலைகளும் நாய்க்கடுகு என்ற களைச்செடியின் அடையாளங்கள். உங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மணல் தரையில் மழைக்குப் பின் அது தானாகவே முளைக்கும். நீங்கள் தூவிய விதை முளைக்காமல் போய், ஏற்கெனவே மண்ணில் கிடந்தது எழுந்திருக்கலாம்.

நான்கு மஞ்சள் இதழ்களை மட்டும் நம்ப வேண்டாம்; இரண்டுக்கும் நான்குதான். காலையில் புதிதாக விரிந்த பூவின் கேசரங்களை (நுனியில் மகரந்தம் தாங்கும் இழைகளை) எண்ணுங்கள். கடுகில் ஆறு: உள்ளே நான்கு நீளம், வெளியே இரண்டு குட்டை. முள்ளங்கி, கோவா (முட்டைக்கோஸ்) உட்படக் கடுகுக் குடும்பத்தின் பெரும்பாலான செடிகளில் இந்த அமைப்பைக் காணலாம். அத்தனை உறுதியான அடையாளம் அது. நாய்க்கடுகில் பத்துக்கும் மேல் இருக்கும்.

முற்றிய காயையும் பிளந்து பாருங்கள். கடுகுக் காயில் இரண்டு ஓடுகளும் அடியிலிருந்து கழன்று, நடுவில் மெல்லிய வெண்சவ்வு நிற்கும். விதைகள் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும். நாய்க்கடுகில் அந்தச் சவ்வு கிடையாது.

வாடிய பூவில் கேசரங்கள் உதிர்ந்து எண்ணிக்கை தவறலாம். அடையாளம் உறுதியாகும்வரை விதையைத் தாளிக்க எடுக்காதீர்கள்.