ஊசித்தலையில் ஐந்து ரூபாய்

கேள்வி: அப்பாவின் பழைய றெக்கோட் பிளேயரை மறுபடி ஓட வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு மாடி பலகைத் தளம்; யாராவது நடந்தால் ஊசி துள்ளுகிறது. ஊசித்தலையில் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை ஒட்டினேன். துள்ளல் நின்றது, ஆனால் பாட்டு கரகரக்கிறது. ஸ்பீக்கர்களும் அதே மேசையில்தான். ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வேறு. அதிகம் செலவில்லாமல் வீட்டிலேயே என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, முதலில் அந்தக் குற்றியைக் கழற்றுங்கள். பதினேழு வயதில் நானும் ஐம்பது சதத்தை ஒட்டியவன்தான். ஒரு மாதத்தில் தட்டின் தடம் தேய்ந்து, பாடியவருக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காட்ரிஜ் என்பது ஊசித்தலையில் ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டி. காந்த வகைக் காட்ரிஜ் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கிராம் பாரத்தில் ஓடும். பழைய செராமிக் வகை மூன்றிலிருந்து ஆறு கிராம் வரை கேட்கும். குற்றி ஏறினால் அந்தக் கணக்கெல்லாம் போச்சு. ஊசித்தலையைத் தாங்கும் கையின் பின்னால் திருகும் பாரம் இருந்தால், முதலில் கை மிதக்கும்படி சமன் செய்து, பிறகு காட்ரிஜுக்குரிய அளவை வையுங்கள்.

குற்றவாளி ஊசியல்ல, மேசை. தட்டைச் சுழல விடாமல் ஊசியை மட்டும் அதன்மேல் வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, மேசையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் ‘டொம்’ என்று கேட்கும். தடத்தின் நெளிவு எது, மேசையின் நடுக்கம் எது என்று ஊசிக்குத் தெரியாது.

ஆகவே ஸ்பீக்கர்களை இன்றைக்கே இறக்கி வையுங்கள். அப்புறம் பிளேயரைத் தளத்திலிருந்தே பிரித்துவிடுங்கள்: செங்கல் சுவர் இருந்தால் அதில் இரண்டு இரும்புத் தாங்கி அடித்து, தடித்த பலகை போடுங்கள். பலகைத் தளம் ஆடினாலும் சுவர் அவ்வளவாக ஆடாது. கிரைண்டர் வந்தபின் சும்மா கிடந்த அம்மியை நான் பிளேயருக்கு அடியில் வைத்தேன். (அம்மாவிடம் வாங்கிய ஏச்சு தனிக்கதை.) உங்கள் சுவர்ப் பலகை அவ்வளவு பாரம் தாங்காது, அது வேண்டாம். கால்களுக்கு அடியில் பழைய இறப்பர்ச் செருப்பை வெட்டி வைக்கலாம், மெல்லிய துண்டாக மட்டும். பாதியாக வெட்டிய பந்துகளையும் வைத்துப் பார்த்தேன். பிளேயர் தொட்டில் போல ஆடியது.

இரைச்சலுக்கு, பிளேயரிலிருந்து வரும் எர்த் வயரைப் பாருங்கள். நம்மூர் உப்புக் காற்றில் அம்பிளிபயரின் எர்த் திருகில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுரண்டி இறுக்குங்கள். ஊசித்தலையில் வயர்கள் மாட்டும் உலோக முனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். அந்த வயர்கள் மயிரிழை மாதிரி, இழுத்தால் அறும்.

வேகத்தையும் சோதியுங்கள். தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு வைத்து எண்ணினால், 33⅓ வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வரவேண்டும்.

குற்றியைக் கழற்றும்போது பசை ஊசியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.