நீங்கள் பார்த்த ஜப்பானிய அனிமேஷன் காதல் படங்களில் மனதை விட்டுப் போகாத படம் எது? ஏன்?

மகோதோ ஷின்காய் இயக்கி 2007-இல் வந்த ‘வினாடிக்கு 5 சென்டிமீட்டர்’. மொத்தமே 63 நிமிடம்தான். முடிவையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பதில் எங்கேயும் போய்விடாது.

செர்ரிப் பூவிதழ் விழும் வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் என்று அகாரி என்ற சிறுமி தன் பள்ளித் தோழன் தகாகியிடம் சொல்கிறாள். கணக்குப் போட்டால் உதைக்கும். 5 மீட்டர் உயரக் கிளையிலிருந்து தரைக்கு வர 100 வினாடி ஆக வேண்டும். எந்தப் பூவும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது. இருக்கட்டும், அந்த வயதில் யார் சரிபார்க்கிறார்கள்?

அகாரியின் குடும்பம் தொச்சிகிப் பக்கம் குடிபோய்விடுகிறது. அப்புறம் தகாகியின் குடும்பமும் தெற்கே வெகுதூரம் போக வேண்டிவருகிறது. அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று டோக்கியோவிலிருந்து தனியாக ரயில் ஏறுகிறான். இவாஃபுனே ஸ்டேஷனில் இரவு 7 மணிக்குச் சந்திப்பதாகப் பேச்சு. அன்று பார்த்துப் பனி கொட்டுகிறது. வண்டிக்கு வண்டி தாமதம். செல்பேசி கிடையாது, தகவல் சொல்ல வழியில்லை. இரண்டு வாரமாக எழுதிவைத்திருந்த கடிதத்தையும் வழியில் காற்று பறித்துக்கொண்டு போகிறது. கடைசி வண்டி, நாலாபுறமும் வெள்ளையாய்க் கிடக்கும் வெளியில் மணிக்கணக்காக நின்றுவிடுகிறது. ‘அகாரி, தயவுசெய்து வீட்டுக்குப் போய்விடு’ என்று அவன் மனதுக்குள் கெஞ்சுகிறான். பார்த்தே ஆக வேண்டும் என்று கிளம்பியவன் போய்விடு என்று வேண்டிக்கொள்ளும் இடம் அது. 11 மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால், காத்திருப்பு அறையின் அடுப்புப் பக்கத்தில் தலை குனிந்தபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள், தானே சமைத்த சாப்பாட்டுப் பொட்டலத்தோடு.

வில்லன் என்று யாரும் இல்லை. சாதி, அந்தஸ்து, அப்பாவின் கோபம், எதுவும் இல்லை. தூரமும் நேரமும் மட்டும்தான். அதனால் யாரையும் திட்டி ஆறுதல் அடைய முடியவில்லை.

நடுப்பகுதி, தகாகி குடிபோன, ராக்கெட் ஏவுதளம் இருக்கும் தனேகஷிமா தீவில் நடக்கிறது. ராக்கெட்டை ஏற்றிய பெரிய வண்டி சாலையில் ஊர்ந்து போகிறது. ‘மணிக்கு 5 கிலோமீட்டராம்’ என்கிறாள் தகாகியை ஒருதலையாய்க் காதலிக்கும் கானாயே. வேறொருத்தி சொன்ன அதே 5 அவனுக்குள் எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில், அவன் தன்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்துகொண்டு, காதலைச் சொல்லாமலே விட்டுவிடுகிறாள். பலரும் ரயில் பயணத்தைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் படத்தின் உயிர் இந்தப் பெண்தான்.

மூன்றாம் பகுதி மிகச் சின்னது. தகாகி டோக்கியோவில் புரோகிராமர். ஆயிரம் முறை செய்தி அனுப்பிக்கொண்டும் நம் மனங்கள் ஒரு சென்டிமீட்டர்தான் நெருங்கியிருக்கும் என்று எழுதிவிட்டு, மூன்று வருடம் பழகிய பெண் விலகிப்போகிறாள். இவனுக்கு அதற்குப் பதில் சொல்லக்கூட வரவில்லை. பிறகு மசயோஷி யமசாகியின் பழைய பாட்டு ஒன்று ஓட, மிச்சக் கதை முழுக்கத் துண்டுத் துண்டுக் காட்சிகளாய்க் கடந்துபோகிறது.

கல்லூரி விடுதியில் முதன்முதலாகப் பார்த்தபோது, அகாரி வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்வதைக் கண்டு நானும் அறைத்தோழனும் அவளைத்தான் வைதோம். ‘இவ்வளவுதானா?’ என்று மடிக்கணினியை மூடினோம். வேலை, வேறு ஊர் என்றெல்லாம் ஆன பிறகு மறுபடி பார்த்தேன். ரயில்வே கேட்டில் தகாகியும் அகாரியும் ஒருவரையொருவர் கடக்கிறார்கள், அவன் திரும்புகிறான், குறுக்கே இரண்டு ரயில் ஓடுகிறது. ஓய்ந்ததும் எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. முதல்முறை அந்த வெற்றிடத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அதற்கப்புறம் தகாகி லேசாகச் சிரித்துவிட்டுத் தன் வழியே நடப்பது இரண்டாம் முறைதான் கண்ணில் பட்டது.