ஜன்னலோரத்து மல்லி ஏன் மொட்டு வைப்பதில்லை?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது தளத்தில் வசிக்கிறோம். பார்வை மங்கிவிட்ட என் அம்மாவுக்குப் பூ வாசனை என்றால் உயிர். அவருக்காகவே ஒரு குண்டுமல்லித் தொட்டியை வரவேற்பறை ஜன்னலோரம் வைத்தேன். கொடி நீள்கிறது, இலை தளதளவென்று இருக்கிறது. மொட்டு மட்டும் இல்லை. கிழக்குப் பார்த்த பால்கனி துணி காயப்போடத்தான் பயன்படுகிறது. வீட்டுக்குள் வளரும் வாசனைப் பூச்செடி எது?
- வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் மல்லிக்கு நோய் எதுவும் இல்லை அம்மா, வெயில்தான் போதவில்லை. குண்டுமல்லிக்கு நேரடி வெயில் தினமும் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். ஜன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தாராளம். மல்லிக்கு அது நிழல். நிழலில் நிற்கும் கொடி வெளிச்சத்தைத் தேடி நீளுமே தவிர மொட்டு வைக்காது. அதற்கு யூரியாவும் போட்டால் இன்னும் இலைதான் பெருகும்.

துணிக்கொடியைச் சற்று நகர்த்திக் கட்டிவிட்டு, பால்கனியின் கம்பியோரத்தை மல்லிக்குக் கொடுங்கள். ஒரே நாளில் மாற்றினால் இலை கருகும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்துங்கள். 12 அங்குலத் தொட்டி போதும். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. தண்ணீர் தேங்கக் கூடாது.

இனி கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. வீட்டில் மல்லி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். மல்லி புதுத் தளிரில்தான் பூக்கும். அதனால்தான் மல்லித் தோட்டங்களில் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி மட்டும் விட்டு மொத்தச் செடியையும் வெட்டிவிடுகிறார்கள். மார்ச் மாதம் முதல் பூப்பறிப்பு தொடங்கிவிடும். வளர்த்த கொடியை வெட்ட மனம் வராது, தெரியும். துணிந்து வெட்டுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுபவர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளிக்கலாம்.

உங்கள் அம்மாவுக்கென்று நான் தேர்ந்தெடுப்பது மனோரஞ்சிதம். பூ பச்சையாக இருக்கும்வரை மணம் தெரியாது. மஞ்சளாக மாறியதும் பழவாசனை கிளம்பும். ஒற்றைப் பூவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் இட்டால் அறை முழுவதும் மணக்கும். அரைநிழலைத் தாங்கும் என்பதால் பால்கனியின் உட்பக்கம் போதும். ஆனால் கொடியாகப் படர்ந்து பெருகும் செடி இது. பெரிய தொட்டி கொடுத்து அவ்வப்போது ஒடுக்கி வையுங்கள். விதைச் செடி பல ஆண்டுகள் காக்க வைக்கும். நாற்றுப்பண்ணையில் பதியன் செடி (கிளையை மண்ணில் பதித்து வேர்விடச் செய்தது) என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குள்தான் வேண்டுமென்றால் ஹோயா என்ற கொடி. வெளிச்சமான ஜன்னலில் தொங்கவிட்டு, மண் நன்றாகக் காய்ந்தபிறகே தண்ணீர் விடுங்கள். மெழுகு போன்ற பூங்கொத்து உதிர்ந்தபின் அதன் காம்பை நறுக்காதீர்கள். அடுத்த பூவும் அதிலேயே வரும். எனினும் மல்லியின் இடத்தை இது நிரப்பும் என்று சொல்லமாட்டேன். செடி வெளியே இருக்கட்டும், பூ உள்ளே வரட்டும் என்பதே என் யோசனை. மாலையில் மல்லியை முற்றிய வெள்ளை மொட்டுகளாகப் பறித்து அம்மாவின் தலைமாட்டில் வையுங்கள். இருட்டியதும் அங்கேயே விரியும்.

இரவு ராணியை விற்பவர் வற்புறுத்தினாலும் வேண்டாம். மூடிய அறையில் அதன் நெடி பலருக்குத் தலைவலி தரும். செடி முழுவதும் நஞ்சு. பார்வை மங்கியவர் தடவிப் பார்க்கும் உயரத்தில் அதை வைப்பது சரியல்ல.