பார்க்கிங் லைட் போட்டா மேல் பிரேக் லைட் மங்கலா எரியுதா?

ஏனுங்ணா, மாருதி 800-ல பார்க்கிங் லைட் போட்டாலே புதுசா மாட்டுன எல்ஈடி மேல் பிரேக் லைட் மங்கலா எரியுதுன்னா, எல்ஈடி மேல குத்தமில்லீங்க. டெயில் லைட்டோட எர்த், அதான் வண்டி பாடியில திருகியிருக்கற நெகட்டிவ் ஒயர், போச்சு. 21/5 வாட் பல்புல 21 பிரேக்குக்கு, 5 டெயில் லைட்டுக்கு; அந்த 5 வாட் இழைக்குப் போற கரண்ட், எர்த்துக்கு வழியில்லாம பிரேக் ஒயர்ல திரும்பி ஏறுது. எர்த் திருகைக் கழட்டி, உப்புத்தாள்ல துரு போகத் தேய்ச்சு இறுக்குங்க. எல்ஈடிக்குத் தனி எர்த் குடுங்க.

வால்பாறை மூடுபனிக்கு வண்டி பின்பக்கம் ஃபாக் லைட் மாட்டணும்னு கேட்டீங்களே, அதுக்கு 21 வாட் ஒண்ணே போதும். வலது பக்கம், பிரேக் லைட்டை விட்டு 10 செ.மீ.க்கு மேல தள்ளி. ஒட்டி வெச்சா பிரேக் புடிச்சதே பின்னால வர்றவங்களுக்குத் தெரியாது. பேட்டரி கரண்ட்டை லைட்டுக்குத் திறந்து விடற ரிலேயோட காயிலுக்கு, டெயில் லைட் ஒயர்ல இருந்து சுவிட்ச் வழியா கரண்ட் எடுங்க. பேட்டரி லைன்ல 5 ஆம்பியர் ஃப்யூஸ். மலை இறங்கி ஆழியாறு வந்ததும் அணைச்சிருங்க, பின்னால வர்றவங்க கண்ணு கூசும்.